அந்த 20 சதவீதம் எங்கிருந்து வந்தது?

மருத்துவம்: வாசகர் கேள்வி – பதில்

தலைக்காயச் சிகிச்சை பற்றிய ஆய்வுச் செய்திகளைப் படித்துவிட்டு வாசகர்கள் எழுப்பிய ஐயங்களே இம்முறை இப்பகுதி முழுவதையும் எடுத்துக்கொள்கின்றன. முதல் கேள்விக்கான பதில் சற்று நீளமானது. மற்றவற்றுக்கும் அது உதவும் என்பதால் சுருக்கவில்லை.

கேள்வி: இருசக்கர வாகன விபத்தில் அடிபட்ட என் தம்பிக்கு டிரானெக்சாமிக் அமிலம் என்ற ஊசி மருந்து செலுத்தப்பட்டது. இம்மருந்து தலைக்காய இறப்பை 20 சதவீதம் குறைப்பதாக லண்டனில் நடத்தப்பட்ட ஆய்வு நிரூபித்துவிட்டது என்றார் ஒரு மருத்துவர். அதே ஆய்வைக் காட்டி, பலன் நிரூபிக்கப்படவில்லை என்கிறார் இன்னொரு மருத்துவர். ஒரே ஆய்வு இரண்டையும் எப்படிச் சொல்ல முடியும்?
— வாசகர், கரூர்

பதில்: இருவரும் குறிப்பிடுவது ‘கிராஷ்-3’ என்ற ஆய்வு. லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்லூரி முன்னின்று நடத்திய இந்த ஆய்வில் 29 நாடுகளின் 175 மருத்துவமனைகளைச் சேர்ந்த 12,737 தலைக்காய நோயாளிகள் இடம்பெற்றனர். முடிவுகள் 2019 அக்டோபரில் ‘லான்செட்’ இதழில் வெளியாயின. சீட்டுக் குலுக்கல் போன்ற முறையில் பாதிப் பேருக்கு மருந்தும், மீதிப் பேருக்குப் பார்வைக்கு அதைப் போன்றே இருக்கும் மருந்துப்போலியும் கொடுக்கப்பட்டன. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, சிகிச்சை அளித்தவருக்கும் தெரியாது. இதுவரை எந்தக் குறையும் சொல்வதற்கில்லை.

இத்தகைய ஆய்வுகளில், எந்த ஓர் எண்ணை வைத்து மருந்தின் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்போம் என்பதை முடிவுகளைப் பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே அறிவித்துவிட வேண்டும். கிராஷ்-3 அறிவித்திருந்த அளவுகோல், அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களிடையே 28 நாட்களுக்குள் தலைக்காயத்தால் நேர்ந்த இறப்பு. அந்த எண்ணிக்கை மருந்து பெற்றவர்களில் 18.5 சதவீதம், மருந்துப்போலி பெற்றவர்களில் 19.8 சதவீதம். ஒப்பிட்டால் 6 சதவீதக் குறைவு. ஆனால் இந்த 6 என்பது ஒரு மதிப்பீடுதான். தற்செயலுக்கு இடம் கொடுத்துக் கணக்கிட்டால், உண்மையான விளைவு 14 சதவீதக் குறைவிலிருந்து 2 சதவீத அதிகரிப்பு வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்று அந்தக் கட்டுரையே குறிப்பிடுகிறது. மருந்தால் பயனே இல்லை என்ற வாய்ப்பு அந்த எல்லைக்குள் அடங்கிவிடுகிறது. தங்கள் இரண்டாவது மருத்துவர் இந்த எண்ணைப் பார்க்கிறார்.

முதல் மருத்துவரின் 20 சதவீதம் இதே கட்டுரைக்குள் வேறோர் இடத்திலிருந்து வருகிறது. நோயாளிகளைக் காயத்தின் கடுமையை வைத்துப் பிரித்தபோது, லேசான அல்லது நடுத்தரக் காயம் உடையவர்களில் மருந்து பெற்றோரிடையே 5.8 சதவீதமும் பெறாதோரிடையே 7.5 சதவீதமும் இறந்திருந்தனர். ஒப்பீட்டில் இது 22 சதவீதக் குறைவு. கடுமையான காயம் உடையவர்களிடம் ஏறக்குறைய எந்த வேறுபாடும் இல்லை. கல்லூரி வெளியிட்ட செய்திக்குறிப்பு, காயத்தின் கடுமையைப் பொறுத்து இறப்பு 20 சதவீதம் வரை குறையலாம் என்றும், இலட்சக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றலாம் என்றும் கூறியது. அதில் இருந்த ‘பொறுத்து’, ‘வரை’ ஆகிய சொற்கள் நாளேடுகளைச் சென்றடைவதற்குள் உதிர்ந்துவிட்டன. செய்தியாளர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. ஆய்வுக் கட்டுரையின் சுருக்கப் பகுதியிலேயே, 3 மணி நேரத்துக்குள் தரப்படும் சிகிச்சை தலைக்காய இறப்பைக் குறைக்கிறது என்று ஐயத்துக்கு இடமின்றி எழுதப்பட்டிருக்கிறது. முதன்மை அளவுகோல் எல்லையைத் தாண்டாத ஓர் ஆய்வுக்கு இந்த வாக்கியம் பொருந்தாது என்பதே என் கருத்து.

உட்பிரிவுகளைப் பார்ப்பதில் என்ன தவறு என்று கேட்கலாம். பார்ப்பது தவறன்று, அதில் கிடைப்பதைத் தீர்ப்பாக அறிவிப்பதில்தான் சிக்கல். மாமரத்தின் மேல் கண்டபடி கற்களை எறிந்துவிட்டு, விழுந்த காயைக் காட்டி அதைத்தான் குறிபார்த்தேன் என்று எவரும் சொல்லிக்கொள்ளலாம். மாரடைப்பில் ஆஸ்பிரினின் பலனை நிலைநாட்டிய ‘ஐசிஸ்-2’ ஆய்வின் முடிவுகள் 1988-இல் வெளிவந்தபோது, அதன் ஆய்வாளர்கள் இதை வேடிக்கையாகவே செய்து காட்டினார்கள். 17,187 நோயாளிகளைப் பிறந்த ராசிப்படி பிரித்துப் பார்த்ததில், மிதுனத்திலும் துலாத்திலும் பிறந்தவர்களுக்கு ஆஸ்பிரின் சற்றே கெடுதல் செய்வதாகவும், மற்ற ராசிக்காரர்களுக்கு நன்மை செய்வதாகவும் கணக்கு வந்தது. (அது மேல்நாட்டாரின் சூரிய ராசி, நம் சந்திர ராசிப்படி பிரித்திருந்தாலும் ஏதாவது ஒரு ராசி மாட்டிக்கொண்டுதான் இருக்கும்.)

கிராஷ்-3 ஆய்வாளர்கள் இப்படிக் கண்டபடி எறிந்தவர்கள் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். காயத்தின் கடுமைவாரியாகப் பார்ப்போம் என்று அவர்கள் முன்பே அறிவித்திருந்தார்கள். காரணமும் ஏற்கத்தக்கது: இம்மருந்து இரத்த உறைவு கரைந்துபோவதைத் தடுத்துக் கசிவைக் குறைக்கிறது, மூளை ஏற்கெனவே பெருஞ்சேதம் அடைந்துவிட்டவரிடம் கசிவை நிறுத்தி ஆகப்போவது குறைவு, சிறு கசிவு மெல்லப் பெருகும் நிலையில் உள்ளவரிடமே பலன் இருக்க வேண்டும். இரத்தக்குழாய் அடைப்பு, வலிப்பு போன்ற பக்கவிளைவுகள் மருந்து பெற்றவர்களிடம் கூடவும் இல்லை. மருந்தின் விலையும் குறைவு. ஆகவே தங்கள் தம்பிக்கு அதைக் கொடுத்த மருத்துவரின் முடிவு நியாயமானதே. ‘கொடுத்துப் பார்ப்பது நியாயம்’ என்பதும் ‘20 சதவீதம் குறைப்பது நிரூபணம்’ என்பதும் வெவ்வேறு கூற்றுகள் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். அந்த உட்பிரிவுக் கணக்கை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், 7.5-க்கும் 5.8-க்கும் இடைப்பட்ட தூரம் 1.7 தான், அதாவது ஏறக்குறைய 60 பேருக்கு மருந்து கொடுத்தால் ஓர் இறப்பு தவிர்க்கப்படும். அதுவும் பெரிய காரியமே. ஆனால் ‘20 சதவீதம்’ என்று கேட்ட குடும்பத்தினர் மனத்தில் எழும் சித்திரம் அதுவன்று.

அடுத்த ஆண்டே அமெரிக்காவிலும் கனடாவிலும், மருத்துவமனையை அடைவதற்கு முன்பே இம்மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு வந்தது. 966 பேரின் விவரங்கள் ஆராயப்பட்டதில், ஆறு மாதங்களுக்குப் பிறகு நல்ல நிலையில் இருந்தவர்கள் மருந்துப் பிரிவில் 65 சதவீதம், மற்றதில் 62 சதவீதம். வேறுபாடு தற்செயலின் எல்லையைத் தாண்டவில்லை. அதிலும் ஓர் உட்பிரிவில் நல்ல பலன் தென்பட்டது என்பதையும், அதையே எடுத்துப் பேசுபவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் தாங்கள் இந்நேரம் ஊகித்திருப்பீர்கள்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 2010-இல் வெளிவந்த ‘கிராஷ்-2’ ஆய்வில், விபத்தில் இரத்தம் இழந்த 20,000-க்கும் மேற்பட்டோரிடம் இதே மருந்து மொத்த இறப்பை 16 சதவீதத்திலிருந்து 14.5 ஆகக் குறைத்தது. அந்த முடிவு தெளிவானது. ஆனால் அது உடலில் எங்கோ பெருமளவு இரத்தம் கொட்டியவர்களைப் பற்றியது. மூடிய மண்டைக்குள் சிறிதளவு கசிந்தவர்களைப் பற்றியதன்று. இரண்டு ஆய்வுகளின் பெயர்களும் ஒன்றுபோல் இருப்பதால், ஒன்றின் உறுதியை மற்றொன்றுக்குக் கடனாகக் கொடுத்துவிடுகிறோம்.

கேள்வி: புரோஜெஸ்டிரோன் என்ற பெண்மைச் சுரப்புநீர் தலைக்காய இறப்பைப் பாதிக்கும் கீழாகக் குறைத்ததாகச் சில ஆண்டுகளுக்கு முன் படித்தேன். இப்போது எவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லையே, ஏன்?
— ஆசிரியை, நாகர்கோவில்

பதில்: தாங்கள் படித்தது 2007-இல் அட்லாண்டா நகரத்து எமரி பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வாக இருக்க வேண்டும். மருந்து பெற்றவர்களில் 13 சதவீதம் பேர் 30 நாட்களுக்குள் இறந்தனர், பெறாதவர்களில் 30 சதவீதம் என்பதே அதன் பரபரப்பான செய்தி. சதவீதங்களை விட்டுவிட்டுத் தலைகளை எண்ணிப் பாருங்கள். மொத்தம் 100 பேர். அவர்களுள் 77 பேர் மருந்து பெற்றனர், 23 பேர் பெறவில்லை. அந்த 23 பேரில் இறந்தவர்கள் எழுவர். எழுவருக்குப் பதில் ஐவர் இறந்திருந்தால் 30 சதவீதம் 22 சதவீதமாகியிருக்கும், எந்த நாளேடும் எட்டிப் பார்த்திருக்காது. மருந்து பாதுகாப்பானதா என்று அறிவதற்காக வடிவமைக்கப்பட்ட ஆய்வு அது. அந்தக் கேள்விக்கு அது ஒழுங்காகவே பதில் சொன்னது. உயிர் காக்கிறதா என்பது அதனிடம் கேட்கப்படாத கேள்வி.

அதைக் கேட்ட இரு பெரிய ஆய்வுகளின் முடிவுகள் 2014 டிசம்பரில் ஒரே இதழில் அடுத்தடுத்து வந்தன. ஒன்றில் 882 பேர். நல்ல பலன் பெற்றவர்கள் மருந்துப் பிரிவில் 51 சதவீதம், மருந்துப்போலிப் பிரிவில் 55.5 சதவீதம். தொடர்வதில் பயனில்லை என்று அந்த ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது. மற்றொன்றில் ஏறத்தாழ 1,200 பேர், 50.4 சதவீதம், 50.5 சதவீதம். இதைவிடத் தெளிவாக ஒரு மருந்து ‘இல்லை’ என்று சொல்ல முடியாது. ஆனால் முதல் செய்திக்குக் கிடைத்த இடம் இதற்குக் கிடைக்கவில்லை. அதனால்தான் தங்களுக்கு அது பேச்சற்றுப் போனதாகத் தோன்றுகிறது.

கேள்வி: மூளை வீக்கத்துக்காக மண்டையோட்டின் ஒரு பகுதியை எடுத்து, அந்த எலும்பை வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்துப் பாதுகாக்கும் அறுவைச் சிகிச்சையை என் கணவருக்குச் செய்தார்கள். உயிர் பிழைத்துவிட்டார், ஆனால் இன்னும் எழுந்து உட்காரவில்லை. இந்த அறுவை இறப்பைப் பாதியாகக் குறைக்கிறது என்று ஓரிடத்திலும், கெடுதலே செய்கிறது என்று இன்னோரிடத்திலும் படிக்கிறேன்.
— வாசகி, மதுரை

பதில்: அம்மா, தங்கள் கணவரின் நிலையை அறியாமல் அவரைப் பற்றி நான் எதுவும் கூற இயலாது. தாங்கள் படித்த இரண்டு கூற்றுகளும் எங்கிருந்து வந்தன என்பதை மட்டும் விளக்குகிறேன்.

கெடுதல் என்ற கூற்றின் மூலம், 2011-இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் தலைமையில் வெளிவந்த ‘டெக்ரா’ ஆய்வு. அதில் 155 பேர். அறுவை செய்யப்பட்டவர்களுக்கு மண்டைக்குள் அழுத்தம் நன்றாகக் குறைந்தது, தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த நாட்களும் குறைந்தன. ஆனால் ஆறு மாதங்களுக்குப் பின் மோசமான நிலையில் இருந்தவர்கள் அறுவைப் பிரிவில் 70 சதவீதம், மற்றதில் 51 சதவீதம். அறுவை ஆளைக் கெடுக்கிறது என்று பலர் முடிவு கட்டினார்கள். இரண்டு விவரங்களை அவர்கள் கவனிக்கவில்லை. முதலாவது, சேர்க்கப்பட்ட நேரத்திலேயே இரு கண்மணிகளும் வெளிச்சத்துக்குச் சுருங்காத, அதாவது மிக மோசமான அறிகுறி உடையவர்கள், அறுவைப் பிரிவில் 27 சதவீதமும் மற்றதில் 12 சதவீதமும் இருந்தனர். குலுக்கல் இப்படியும் விழும். இந்த ஏற்றத்தாழ்வைச் சரிக்கட்டிக் கணக்கிட்டபோது வேறுபாடு தற்செயலின் எல்லைக்குள் வந்துவிட்டது. இரண்டாவது, மண்டைக்குள் அழுத்தம் 20 மி.மீ. பாதரச அளவைத் தாண்டிக் கால் மணி நேரம் நின்றாலே இந்த ஆய்வில் அறுவைக்குத் தகுதி. வேறு வழியே இல்லாத நிலையில் செய்யப்படும் அறுவையைப் பற்றி இது பேசவில்லை.

இறப்பு பாதியாகக் குறைகிறது என்ற கூற்று, 2016-இல் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் தலைமையில் வந்த ‘ரெஸ்கியூ ஐசிபி’ ஆய்விலிருந்து வருகிறது. பிற சிகிச்சைகளுக்குப் பிறகும் அழுத்தம் 25-ஐத் தாண்டி ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் நீடித்த 408 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். ஆறு மாதங்களில் இறந்தவர்கள், அறுவைப் பிரிவில் 26.9 சதவீதம், மருந்துகளோடு மட்டும் தொடர்ந்த பிரிவில் 48.9 சதவீதம். நூறு பேருக்கு அறுவை செய்தால் 22 பேர் கூடுதலாக உயிர் பிழைக்கிறார்கள். இதை ஐயமின்றி நம்பலாம்.

அந்த 22 பேர் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பது அதே கட்டுரையில் உள்ளது. ஆனால் சுருக்கமாகப் பேசும்போது இந்தப் பகுதிதான் எப்போதும் விடுபடுகிறது. அவர்களுள் ஏறக்குறைய 6 பேர் கண் திறந்தும் தன்னுணர்வு இல்லாத நிலையில் இருந்தனர். 8 பேர் எல்லாவற்றுக்கும் பிறரைச் சார்ந்திருந்தனர். இன்னும் 8 பேர் வீட்டுக்குள் தங்கள் காரியங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் நிலையில் இருந்தனர், வெளியே செல்ல மட்டும் துணை வேண்டியிருந்தது. முழுமையாக நலம் பெற்றவர்கள் அறுவைப் பிரிவில் 4 சதவீதம், மற்றதில் 6.9 சதவீதம், அதாவது முழு நலம் பெற்றவர்கள் அறுவையால் கூடவில்லை. கூடவே இன்னொன்று: வீட்டுக்குள் தானே சமாளிக்கும் நிலையை இந்த ஆய்வு ‘நல்ல பலன்’ என்ற கணக்கில் சேர்த்தது, டெக்ரா அதே நிலையை ‘மோசமான பலன்’ பக்கம் வைத்தது. கோட்டை எங்கே கிழிக்கிறோம் என்பதைச் சொல்லாமல் இரண்டு ஆய்வுகளின் சதவீதங்களையும் அருகருகே வைத்து ஒப்பிடும் கட்டுரைகளைத் தாங்கள் ஒதுக்கிவிடலாம்.

ஒரு நம்பிக்கையான செய்தியும் அதில் உண்டு. ‘நல்ல பலன்’ பெற்றவர்கள் ஆறு மாதத்தில் 42.8-க்கு 34.6 சதவீதம் என்றிருந்தது; அப்போது அந்த வேறுபாட்டை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஓராண்டில் அது 45.4-க்கு 32.4 ஆகி உறுதிப்பட்டது. முன்னேற்றம் ஆறு மாதத்தோடு நின்றுவிடுவதில்லை. இயன்முறைச் சிகிச்சையைத் தொடருங்கள்.

கேள்வி: இவ்வளவு ஓட்டைகள் இருக்குமானால், ஆய்வுகளைவிட அனுபவமுள்ள மருத்துவரின் கைராசியை நம்புவது மேல் அல்லவா?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: அல்ல. தலைக்காயத்துக்கு ஸ்டீராய்டு மருந்து கொடுப்பது உலகின் பல நாடுகளில் பல பத்தாண்டுகள் வழக்கத்தில் இருந்தது. வீக்கத்தைக் குறைக்கும் மருந்து, வீங்கிய மூளை; கொடுத்தவர்கள் அனைவரும் அனுபவசாலிகள். 10,008 பேரிடம் அதைச் சோதித்த முதல் ‘கிராஷ்’ ஆய்வின் முடிவு 2004-இல் வந்தது. இரண்டு வாரங்களுக்குள் இறந்தவர்கள், ஸ்டீராய்டு பெற்றவர்களில் 1,052 பேர், பெறாதவர்களில் 893 பேர். 20,000 பேரைச் சேர்க்கத் திட்டமிட்டிருந்த ஆய்வை அதோடு நிறுத்திவிட்டார்கள். நூற்றுக்கு மூன்று பேர் கூடுதலாக இறப்பதை எந்த மருத்துவரும் தம் வார்டில் நின்றபடி கண்டுபிடித்திருக்க முடியாது. அத்தகைய காயத்தில் இறப்பு எதிர்பாராத ஒன்று அல்லவே. நான் மேலே குறை கூறியது ஆய்வுகளை அல்ல, அவற்றின் மேல் ஏற்றப்படும் விளக்கங்களை.

கேள்வி: உயர் அழுத்த ஆக்சிஜன் அறையில் அமர வைக்கும் சிகிச்சையால், தலையில் அடிபட்ட பின் நீடிக்கும் தலைவலியும் மறதியும் குணமாவதாக விளம்பரம் செய்கிறார்கள். அமெரிக்க இராணுவ ஆய்வே இதை உறுதிப்படுத்தியதாகச் சொல்கிறார்கள். உண்மையா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: 2015-இல் வெளியான அந்த ஆய்வில் 72 படைவீரர்கள் மூன்று பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்கு வழக்கமான மருத்துவம் மட்டும். இரண்டாம் பிரிவினர் 1.5 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் தூய ஆக்சிஜனை 40 அமர்வுகள் சுவாசித்தனர். மூன்றாம் பிரிவினரை அதே அறையில் அமர வைத்து, 1.2 மடங்கு அழுத்தத்தில் சாதாரணக் காற்றைக் கொடுத்தார்கள். அறையில் அமர்ந்த இரு பிரிவினருக்கும் தொல்லைகள் குறைந்தன. அவர்களுக்குள் வேறுபாடு இல்லை.

விளம்பரதாரர்கள் முதல் பிரிவையும் இரண்டாம் பிரிவையும் மட்டும் ஒப்பிட்டு, சிகிச்சை வென்றது என்கிறார்கள். மூன்றாம் பிரிவைச் சுட்டிக்காட்டினால், 1.2 மடங்கு அழுத்தமும் ஒரு சிகிச்சையே என்று பதில் வருகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம், அதை 1.2-ஆல் பெருக்கினால், வெளியில் 25 சதவீத ஆக்சிஜன் உள்ள காற்றைச் சுவாசிப்பதற்குச் சமம். இரண்டாம் பிரிவினர் பெற்றது அதைப் போல் ஏறக்குறைய ஆறு மடங்கு. குணப்படுத்துவது ஆக்சிஜன் என்றால், ஆறு மடங்கு பெற்றவர்களிடம் கொஞ்சமாவது கூடுதல் பலன் தெரிந்திருக்க வேண்டும். நாள்தோறும் ஓரிடத்துக்குச் சென்று அமைதியாக அமர்வதும், ஒருவர் அக்கறையோடு நலம் விசாரிப்பதும், பெரிய இயந்திரம் ஒன்றின் மேல் பிறக்கும் நம்பிக்கையும் தலைவலியைக் குறைக்கக்கூடியவைதாம். அவற்றை இகழ வேண்டியதில்லை. ஆனால் அவற்றுக்காக ஓர் அமர்வுக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்ட வேண்டுமா என்பதைத் தாங்களே முடிவு செய்யுங்கள்.

கேள்வி: மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது என் மகனுக்குச் சிட்டிகோலின் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். விலை கட்டுப்படியாகவில்லை. நிறுத்தலாமா?
— வாசகர், விழுப்புரம்

பதில்: நம் ஊர் மருந்துச் சீட்டுகளில் அடிக்கடி காணப்படும் இம்மருந்தை அமெரிக்காவில் 1,213 தலைக்காய நோயாளிகளுக்கு 90 நாட்கள் வரை கொடுத்துச் சோதித்து, 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். நன்கு முன்னேறியவர்கள் மருந்துப் பிரிவில் 35.4 சதவீதம், மருந்துப்போலிப் பிரிவில் 35.6 சதவீதம். இந்த ஆய்வை எப்படிப் புரட்டினாலும் மருந்துக்குச் சாதகமான எண் கிடைப்பது கடினம். மருத்துவரிடம் விலைச் சுமையை வெளிப்படையாகச் சொல்லி, இது அவசியமா என்று கேளுங்கள். அதே சீட்டில் வலிப்புத் தடுப்பு மாத்திரையும் இருக்கக்கூடும். அதை மட்டும் எக்காரணம் கொண்டும் தாங்களாக நிறுத்திவிட வேண்டாம்.